ஆய்வு மாணவரின் அன்றாடமும் நம் சமுதாயத்தின் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஆய்வுத் துறையில் புதிதாக அடியெடுத்து வைத்திருக்கும் நம் இளைஞர்களின் அன்றாட வாழ்வைப் பற்றியும், அவர்கள் கையாளும் இணையக் கருவிகளைப் பற்றியும் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களும், அண்மையில் அதனை முடித்தவர்களுமாகிய நாங்கள், எங்களுக்குள் கலந்து பேசித் திரட்டியவற்றையே இங்கு உரையாக வைக்கின்றோம்.

“படிப்பு எப்பொழுது முடியும்? வேலைக்கு எப்பொழுது போவாய்?” என்று நம் தாய்மார்கள் கேட்கின்ற கேள்வி நியாயமானது. பட்டப்படிப்பு முடித்து, முதுகலை முடித்து, அதன் பின்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஒரு பிள்ளை கணினியின் முன் அமர்ந்திருந்தால், அது என்ன வேலை என்று வீட்டார்க்குத் தோன்றத்தானே செய்யும்? அந்தக் கேள்விக்கு விடையாக இவ்வுரை அமைவதாக.

ஆய்வு என்பது யாது?

இதுவரை எவரும் முழுமையாக விடை காணாத ஒரு கேள்வியை எடுத்துக் கொள்வது. அதற்குரிய சான்றுகளைத் தேடித் திரட்டுவது. முன்னோர் கூறியவற்றைப் படித்து, ஏற்பதை ஏற்று மறுப்பதை மறுப்பது. முடிவைப் பிறர் சோதித்துப் பார்க்கும் வண்ணம் எழுதி வைப்பது. இவ்வளவே ஆய்வு. சொல்வதற்கு எளிது. செய்வதற்கு நெடுங்காலம் வேண்டும்.

நம் முன்னோருள் இவ்வழியில் நடந்து காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1913ஆம் ஆண்டு, தம் 22ஆம் வயதில், பரோடா மன்னரின் உதவித்தொகையைக் கொண்டு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். 1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டமையால் 1917இல் ஆய்வை இடையில் நிறுத்திவிட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்களும் உடைமைகளும், அக்கப்பல் போர்க்காலத்தில் தாக்கப்பட்டு மூழ்கியதால், கடலுக்கு இரையாயின. ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. தாம் சேமித்த பணமும் நண்பரின் கடனும் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

அண்ணலின் அறிவாற்றலை நாம் போற்றுகின்றோம். அந்த ஆற்றலுக்கும் மாதந்தோறும் உணவும் உறைவிடமும் வேண்டியிருந்தன என்பதையும், பணம் நின்றபோது ஆய்வும் நின்றது என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நூறாண்டு கடந்தும் நம் பிள்ளைகளின் நிலையில் இந்தப் பகுதி பெரிதும் மாறிவிடவில்லை.

ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது?

திருப்போரூரிலிருந்தோ, கேளம்பாக்கத்திலிருந்தோ, மாமல்லபுரத்தை அடுத்த சிற்றூர்களிலிருந்தோ புறப்படும் ஆய்வு மாணவர் காலையில் பேருந்தைப் பிடிக்கின்றார். பழைய மாமல்லபுரம் சாலை சிறுசேரியின் கணினி நிறுவனங்களையும் தரவு மையங்களையும் கடந்து சென்னைக்குச் செல்கின்றது. உலகின் பல பகுதிச் செய்திகளைச் சேமிக்கும் கட்டடங்களின் வாயில் வழியே அவர் நாள்தோறும் போகின்றார். ஆனால் அவர் வீட்டிலோ இருவர் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்து கொள்ள வேண்டியிருக்கின்றது.

தரமணியில் இறங்கினால் ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோசா முத்தையா என்னும் தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இல் தோன்றியது அது. இன்னும் சென்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும். ஆவணக் காப்பகத்தில் வேண்டுகோள் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருத்தல் வேண்டும். வருகின்ற கட்டு வேண்டியதாகவும் இருக்கலாம், வேண்டாததாகவும் இருக்கலாம். ஒரு முழுநாளில் பயனுள்ள பக்கம் ஒன்று கிடைத்தால் அதுவே நன்னாள்.

மாலையில் வீடு திரும்பியபின் குறிப்புகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். நெறியாளர்க்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். தங்கைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பெண் பிள்ளையாயின் அடுப்படி வேலையும் காத்திருக்கும். உதவித்தொகை பெறுவோர்க்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அறிவித்த தொகை குறித்த நாளில் கைக்கு வருமாயின் குறையில்லை. எங்களிற் சிலர் மாதக்கணக்கில் அதற்காகக் காத்திருந்து, வட்டிக்குக் கடன் வாங்கி வாடகை கொடுத்திருக்கின்றோம்.

இணையம் திறந்த கதவுகள்

ஒரு காலத்தில் நூலகத்தின் படி ஏறுவதே நம்மவர்க்கு அரிதாக இருந்தது. இன்று சில பெருங்களஞ்சியங்கள் கைப்பேசி உள்ளவர் எவர்க்கும் திறந்திருக்கின்றன. கல்லூரி மாணவச் செல்வங்கள் இவற்றை இன்றே அறிந்து கொள்ளுதல் நன்று.

முதலாவது, சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேமிக்கப்படும் களஞ்சியம் இது. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் இதனை நடத்துகின்றது. ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைத்தல் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. பல இலட்சம் ஆய்வேடுகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆய்வேடு எவ்வாறு அமையும் என்று வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு, நல்ல ஆய்வேடுகள் பத்தினை எடுத்துப் பார்ப்பதே ஆசானாகும்.

இரண்டாவது, 2004இல் தோன்றிய கூகுள் ஸ்காலர். ஒரு கட்டுரையைத் தேடி எடுத்தால், அதனைப் பின்னர் மேற்கோள் காட்டியவர் யாவர் என்பதையும் அது காட்டும். ஒருவரைக் கொண்டு அவர் உற்றார் உறவினர் அனைவரையும் அறிவது போல, ஒரு கட்டுரையைக் கொண்டு அப்பொருள் பற்றிய முழுக் குடும்பத்தையும் அறியலாம்.

மூன்றாவது, தமிழ்க் களஞ்சியங்கள். 1998இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அமெரிக்காவிலிருந்து இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் பழைய நூல்களும் இதழ்களும் கிடைக்கின்றன.

நான்காவது, சொட்டேரோ. படித்த நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை முன்பு அட்டைகளில் எழுதிப் பெட்டிகளில் அடுக்கி வைப்பர். அந்த வேலையை 2006 முதல் இந்த இலவச மென்பொருள் செய்து தருகின்றது.

ஐந்தாவது, ஆர்கிட் எண். 2012இல் தொடங்கிய இம்முறையில் ஆய்வாளர் ஒவ்வொருவர்க்கும் 16 இலக்க எண் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். நமக்கு இதனால் தனிப்பயன் உண்டு. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. அயல்நாட்டு இதழ்கள் தந்தையின் பெயரை ஆய்வாளர் பெயராக அச்சிட்டுவிடுகின்றன. சான்றிதழில் ஓர் எழுத்தமைப்பு, கட்டுரையில் வேறோர் எழுத்தமைப்பு என்றாகி, உழைத்தவர் ஒருவர், பெயர் மற்றொருவர் என்னும் நிலை உண்டாகின்றது. அந்த 16 இலக்கங்கள் எழுதியவர் இன்னார் என்று என்றும் சான்று கூறும்.

திறவாத கதவுகள்

எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன என்று எண்ணுதல் கூடாது. அயல்நாட்டு இதழ்களில் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க 3,000 ரூபாய்க்கு மேலும் கேட்கின்றனர். இக்குறையை நீக்க ஒன்றிய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் அரசு ஆய்வு நிலையங்களுக்கும் உரியதாகவே வகுக்கப்பட்டிருந்தது. கடன் வாங்கித் தனியார் சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அவ்வட்டத்திற்கு வெளியே நின்றனர். அத்தகையோர் தயங்க வேண்டா. கட்டுரை எழுதியவர்க்கே மரியாதையுடன் ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். பெரும்பாலோர் மகிழ்ந்து அனுப்புவர்.

மற்றொன்று, பொய் இதழ்கள். “பணம் கட்டுக, மூன்று நாளில் அச்சாகும்” என்று நாள்தோறும் மின்னஞ்சல்கள் வருகின்றன. முறையான இதழ் ஒன்று, துறை அறிந்தவரிடம் கட்டுரையைக் கொடுத்து மதிப்பீடு பெற்ற பின்னரே வெளியிடும். அதற்குத் திங்கள் பல ஆகும். நம்பத்தக்க இதழ்கள் எவை என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த ‘கேர்’ பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. ஆகவே எது நல்ல இதழ் என்று அறியும் பொறுப்பு ஆய்வாளர்மீதும் அவர்தம் நிறுவனத்தின்மீதுமே விழுந்துள்ளது. எங்கள் நண்பர் ஒருவர் தாயின் நகையை அடகு வைத்துக் கட்டுரை அச்சிட்டார். அந்த இதழ் ஏற்கப்படவில்லை. அந்த இழப்பு மற்றொருவர்க்கு வாராதிருத்தல் வேண்டும்.

இன்னொன்று, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். ஆங்கில நடையைத் திருத்திக் கொள்ளவும், கடினமான கட்டுரையின் சாரத்தை அறியவும் அவை உதவும். ஆயின் இல்லாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் கற்பித்துத் தரவும் அவை தயங்குவதில்லை. ஆவணக் கட்டுகளில் அச்சேறாமல் கிடக்கும் நம் ஊர்ச் செய்தி அவற்றிற்கு எவ்வாறு தெரியும்? தெரியாததை அவை தெரிந்ததுபோல் கூறும். மூலத்தைக் கண்ணாற் காணாமல் எதனையும் எழுதுதல் ஆகாது.

எந்தச் சொல்லைத் தேடுவது?

இனி, எங்கள் உள்ளத்தை உறுத்துகின்ற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இணையத்தில் தேடுவதற்கு ஒரு சொல் வேண்டும். நம் பாட்டன்மார் வாழ்வை அறிய விழையும் ஆய்வாளர் எந்தச் சொல்லை இடுவது? ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை அரசு ஏற்றது 1922இல்; எம்.சி. ராஜா அவர்கள் சட்டமன்றத்தில் கொண்டு வந்த தீர்மானத்தின் பயன் அது. அதற்கு முந்திய அரசு ஆவணங்களில் அச்சொல் கிட்டுவது அரிது. ஆங்கிலேயர் எழுதிய பழிச்சொற்களையே, அவர்கள் எழுதிய பலவகை எழுத்துக்கூட்டலிலேயே, நம் கையால் தட்டித் தேட வேண்டும். செங்கல்பட்டைச் ‘சிங்கிள்புட்’ என்றும், மாமல்லபுரத்தைச் ‘செவன் பகோடாஸ்’ என்றும் தேட வேண்டும். ஒரு பெண் பிள்ளை தன் பாட்டியின் பாட்டியைக் காண்பதற்கு, அவரை இழிவுபடுத்திய சொல்லைத் திறவுகோலாகக் கொள்கின்றாள். அப்பொழுது கை நடுங்கத்தான் செய்கின்றது. ஆயினும் தேடித்தான் ஆக வேண்டும். அந்தப் பழிச்சொல்லின் அடியில் நம் நிலமே புதைந்து கிடக்கின்றது.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரமென்ஹீர் என்பவர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து அறிக்கை ஒன்று எழுதினார். குடியிருக்கும் மனைக்கும் உரிமையில்லாமை, நிலம் வேண்டி விண்ணப்பித்தால் மிராசுதாரர் தடுத்தல், கடனால் அடிமைப்பட்டுப் பண்ணையில் உழைத்தல் ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட வருவாய்த்துறை ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அவ்வழியில் வந்ததே. முதல் பத்தாண்டுகள் எவர்க்கும் விற்றல் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்றல் கூடாது என்பது நிபந்தனை. இது தமிழகம் முழுதும் பேசப்படுகின்ற வரலாறு. அதன் ஊற்றுக்கண் நம் மாவட்டம்.

அந்நிலத்தை மீட்பதற்காக இம்மண்ணில் குருதியும் சிந்தப்பட்டுள்ளது. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். அவர்தம் நினைவிற்கு இம்மேடையில் தலை வணங்குகின்றோம்.

இன்று இச்சாலையின் இருமருங்கும் மனையின் விலை ஏறிக்கொண்டே இருக்கின்றது. ‘இது எங்கள் நிலம்’ என்று வாயாற் கூறினால் எவரும் கேளார், சான்று வேண்டும். தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் ஊரையும் புல எண்ணையும் இட்டால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றைப் பார்க்கலாம். பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்க விவரம் காணலாம். ஆயின் இவை காட்டுவன பெரும்பாலும் அண்மைக்கால நிலையே. 1979 முதல் நடந்த யூ.டி.ஆர். பதிவுத் திருத்தத்திற்கு முன் அந்நிலம் எவர் பெயரில், எந்த நிபந்தனையில், எந்தப் பழைய எண்ணில் இருந்தது என்பதைப் பழைய பதிவேடுகளிலேயே தேட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நம் கையில் உள்ளது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டுவதற்குப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். ஆய்வு மாணவர் ஐந்தாறு ஆண்டுகளாகப் பெறுவது அந்தப் பயிற்சியே என்பதைத் தாய்மார்கள் அறிதல் வேண்டும்.

நம் மாவட்டத்தைப் பற்றிய நல்லாய்வுகள் இல்லாமல் இல்லை. யூஜின் இர்ஷிக் என்னும் அமெரிக்க அறிஞர் 1994இலும், செருமனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபா விசுவநாத் 2014இலும் வெளியிட்ட நூல்கள் செங்கல்பட்டின் நிலத்தையும் உழைப்பாளரையும் பற்றி ஆழமாகப் பேசுகின்றன. அவர்கட்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் கலிபோர்னியாவிலும் கொட்டிங்கனிலும் எழும் கேள்விகள், திருப்போரூர்ச் சேரியில் எழக்கூடாதா? நம் தெருவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது, ஏரிப் பாய்ச்சலில் நம் பங்கு எப்பொழுது பறிபோயிற்று, உப்பளத்தில் உழைத்தோர் எவர் என்னும் கேள்விகளைக் கேட்பதற்கு இம்மண்ணில் பிறந்தவரே வேண்டும். இணையக் கருவி உலகிற்கெல்லாம் பொது. கேள்வி மட்டும் நம்முடையதாய் இருத்தல் வேண்டும்.

அறிவு பல்கலைக்கழகத்தில் மட்டும் இல்லை என்பதற்கும் இக்கடற்கரையே சான்று. வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சு, பாம்புக்கடி மருந்து செய்யப் பயன்படுகின்றது. அம்மக்களுள் இருவர்க்கு 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எழுத்தில் ஏறாத அறிவு எத்துணை நம் முதியோரிடம் உள்ளது! அதனை எந்த இணையத்தில் தேடினும் கிடைக்காது. அவர்களிடம் சென்று, அமர்ந்து, கேட்டு எழுதினால்தான் உண்டு.

நாம் செய்ய வேண்டுவன

வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின்முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: கணினியும் இணையமும் ஒளிவருடியும் உள்ள அமைதியான படிப்பகம் ஒன்று வேண்டும். மாலையில் பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்து அமர்ந்து படிக்கும் இடமாக அது இருத்தல் வேண்டும்.

இரண்டு: உதவித்தொகை தாமதமாகும் திங்கள்களில் ஆய்வு மாணவர்க்கு வட்டியில்லாக் கைமாற்று கொடுக்க ஒரு சிறுநிதி வேண்டும். தொகை வந்ததும் அவர் திருப்பிச் செலுத்துவார்; அதே பணம் அடுத்தவர்க்கு உதவும். அம்பேத்கருக்கு ஒரு நண்பர் செய்ததை, நூறு பேர் கூடி நம் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாதா?

மூன்று: வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பட்டா, தீர்வை இரசீது, துண்டறிக்கை, சங்க அழைப்பிதழ், பள்ளிப் புகைப்படம் ஆகியவற்றை ஒளிவருடிப் பாதுகாத்தல் வேண்டும். ஒரு படி கணினியில், ஒரு படி தனி வட்டில், ஒரு படி வேற்றூரில் அல்லது இணையச் சேமிப்பில். கப்பல் மூழ்கினாலும் ஏடு மூழ்காத காலம் இது. அந்த வசதியை நாம் விடலாமா?

நம் எழுத்து அழியாமல் காத்தவர்களால்தான் நமக்கு வரலாறு வாய்த்தது. இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பண்டிதரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தேடித் தொகுத்து, 1999இல் அவை நூலாக வந்த பின்னரே நம்மவருட் பலர் அவரைப் படித்தனர். ஒருவர் தேடி எடுக்கும் வரையில் ஒரு பேரறிஞரின் எழுத்தே மறைந்து கிடக்கக் கூடுமானால், நம் ஊர்ப் பெரியவர்கள் எழுதிய மனுக்களின் கதி என்ன?

நான்கு: ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள், நம் ஆய்வாளர் ஒவ்வொருவரும் தாம் கண்டதை இம்மேடையில் தமிழில், தாய்மார்கட்கு விளங்கும் வண்ணம் கூறுதல் வேண்டும். இது எங்கள் கடமை. ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் பெற்று, ஊர்க்கு ஒன்றும் சொல்லாமல் போவோமாயின் எங்கள் படிப்பால் உங்கட்குப் பயன் என்ன?

மாணவச் செல்வங்களே! ஆய்வு, செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கே உரியது என்று எண்ணாதீர்கள். கருவிகளைக் கற்றுக் கொள்ளுங்கள்; கருவிக்கு அடிமையாகாதீர்கள். மூலத்தைத் தேடுங்கள். ஐயம் வந்தால் கேளுங்கள். உங்களுக்கு முன் இவ்வழியே நடந்தவர்கள் நாங்கள் இருக்கின்றோம். ஆர்கிட் எண் பெறுவது முதல் நல்ல இதழைத் தேர்வது வரை, ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து சொல்லித்தர ஆயத்தமாக உள்ளோம்.

பெரியோர்களே! பிள்ளை கணினியின் முன் அமர்ந்திருக்கக் காணும்போது, “எப்பொழுது முடியும்?” என்று கேட்பதோடு, “இன்று என்ன கண்டாய்?” என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி அவருக்கு நூறு நூல்களின் துணையாகும்.